கை ஏன் ஓய்கிறது?

துணி காயப்போடும் கிளிப் ஒன்று, விநாடி முள் ஓடும் கடிகாரம் ஒன்று, ஒரு நோட்டு. தசை எப்படிச் சோர்ந்துபோகிறது என்பதை ஒரு வகுப்புக்கே காட்ட இவ்வளவு போதும். கிளிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வாய் முழுக்கத் திறக்கும்வரை அமுக்கி விட வேண்டும். 30 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணிச் சொல்வார். நிறுத்தாமல் அடுத்த 30 விநாடி, அதற்கும் அடுத்த 30 விநாடி. இப்படி ஐந்து நிமிடம் போனால் பத்து எண்கள் கிடைக்கும். வரைபடத்தாளில் குறித்தால் ஒரு கோடு வரும். அது உயரத்தில் தொடங்கும், இரண்டாவது மூன்றாவது சுற்றிலேயே மளமளவென்று இறங்கும், பிறகு இறக்கம் குறைந்து ஏறக்குறையத் தட்டையாக ஓடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் நடத்துகிறேன். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பலருடைய அம்மாக்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் உத்தமபாளையம், கூடலூர், சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிற்கிறவர்கள். "கை கடுக்குது", "தோள்பட்டை உளையுது", "இடுப்பு விட்டுப்போச்சு" என்ற பேச்சு இல்லாமல் இந்த வீடுகளில் பொழுது அடைவதில்லை. அதனால் தசைச் சோர்வு என்ற பகுதி வரும்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கிளிப்பை எடுப்பது வழக்கம்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் இதே பாடத்துக்குத் தவளையின் கெண்டைக்கால் தசையை அறுத்தெடுத்து, மின்தூண்டல் கொடுத்து, புகை படியவைத்த தாள் சுற்றிய உருளையில் அது துடிப்பதைப் பதிவு செய்வார்கள். துடிப்பின் உயரம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றுபோகும். விலங்கியல் பட்டப்படிப்புகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி 2011இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2014இல் அதை நிறுத்தவே சொல்லிவிட்டது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். தன் கையே ஓய்வதைத் தானே எண்ணிப் பார்க்கிற பிள்ளை, தவளைத் தசையைப் பார்த்த எங்களைவிட நிறையக் கேள்வி கேட்கிறது.

சோதனை எளிது என்றாலும் அதைச் சரியாகச் செய்வது எளிதல்ல. ஒரு கிளிப்பின் கம்பிச்சுருள் இறுக்கமாக இருக்கும், இன்னொன்று தளர்ந்திருக்கும். ஆகவே ஒருவர் எல்லாச் சுற்றுக்கும் ஒரே கிளிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். கை ஓயத் தொடங்கியதும் விரல்கள் கிளிப்பை அரைகுறையாக அமுக்கத் தொடங்கும். எண்ணிக்கை குறையாது, ஆனால் வேலை குறைந்துவிடும். முழுக்கத் திறந்ததை மட்டும் எண்ணும் கண்டிப்பு எண்ணுகிறவருக்கு வேண்டும். அமுக்குகிறவர் தன் எண்ணிக்கையைத் தானே கேட்கக்கூடாது, கேட்டால் போட்டி மனம் வந்துவிடும். கையில் அடிபட்டவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள் எண்ணும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும், சோர்வுதான் நாம் அளப்பது.

ஓய்கிற தசை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் விரலைக் காட்டுவார்கள். இடக்கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு கிளிப்பை அமுக்கச் சொல்வேன். முழங்கைக்குக் கீழே சதை புரள்வது தெரியும். கட்டைவிரலின் அடியில் உள்ள மேடும் உள்ளங்கைச் சிறு தசைகளும் சேர்ந்து உழைத்தாலும், விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள்தாம் விரலை இழுக்கின்றன. ஏலக்காய்ச் சரத்திலிருந்து காயைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கும் பெண்கள் வேலை முடிந்ததும் விரலை விட்டுவிட்டு முன்கையை நீவிக்கொள்வது இதனால்தான்.

ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான். "மிஸ், எங்கம்மா பந்தல்ல கையத் தூக்கிக்கிட்டே நிக்கிது. நாம கைய மேசையில வச்சுக்கிட்டு எண்ணுறோம். ரெண்டும் ஒண்ணாகுமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் சோதனையே மாறிப்போனது.

திராட்சைப் பந்தலை நேரில் பார்க்காதவர்களுக்கு அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, அதன்மேல் கொடியைப் படரவிடுகிறார்கள். பந்தல் ஆள் உயரத்தில் இருக்கும். இலையும் கொடியும் மேலே, குலைகள் கீழே தொங்கும். கவாத்து வெட்டுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, கொழுந்து கிள்ளுவது, குலை நறுக்குவது என்று எல்லாவற்றுக்கும் அண்ணாந்து பார்த்து, கையை முகத்துக்கு மேலே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முழுவதும் எங்காவது அறுவடை உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தப் பழத்தின் மணத்தையும் மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் பலர் எழுதினார்கள். தூக்கியபடி நிற்கும் கைகளைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும்.

பையன் கேட்டதை மூன்று நிலைகளில் சோதித்தோம். கையை மேசைமேல் வைத்து அமுக்குவது ஒன்று. தொங்கவிட்டு அமுக்குவது ஒன்று. தலைக்கு மேலே தூக்கி அமுக்குவது ஒன்று. ஒன்றின் சோர்வு அடுத்ததில் கலந்துவிடக்கூடாது என்பதால் வேறு வேறு நாளில் செய்தோம். யார் எந்த நிலையில் தொடங்குவது என்பதையும் மாற்றிப் போட்டோம். எண்கள் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தாலும், கையைத் தூக்கியவர்களின் கோடு பெரும்பாலும் சீக்கிரமே இறங்கியது. எண்ணுகிறவரைப் பார்த்து "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று தவிப்போடு கேட்டதும் அந்த நிலையில்தான்.

இதற்குக் காரணம் ரத்தம். இதயத்துக்கு மேலே ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் ரத்த அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 7 முதல் 8 மி.மீ. வரை குறைகிறது. கை இதயத்தைவிட அரை மீட்டர் மேலே இருந்தால், அங்கே ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் 40 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். உடலின் சராசரி ரத்த அழுத்தமே 90 சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். தோள்பட்டைக்கு வேறொரு தொல்லை. கையைத் தூக்கிய நிலையிலேயே வைத்திருக்கும்போது தோள்தசை சுருங்கியபடியே இருக்கிறது. சுருங்கிய தசை தனக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. நடக்கும்போது கால்தசை சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, விரியும் ஒவ்வொரு கணத்திலும் ரத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. தூக்கிப் பிடித்த கைக்கு அந்த விரியும் கணம் கிடைப்பதில்லை. அதனால்தான் சந்தைக்கு நாலு மைல் நடந்துவந்த பெண்ணே, கால் மணி நேரம் பந்தலில் குலை நறுக்கியதும் கையை உதறுகிறாள்.

சரி, ரத்தம் குறைந்தால் தசைக்குள் என்ன ஆகிறது? இதைச் சொல்ல வேண்டுமானால் சென்னையில் மருத்துவம் படித்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கரையோர மாவட்டத்துப் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போனதால், முழுப் பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பிறகு சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அமெரிக்கா போய், செலவுக்காக மருத்துவமனையில் இரவு வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் ஆய்வு செய்தார். ரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறமாற்றத்தை வைத்து அளக்கும் முறையை 1925இல் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து வெளியிட்டார். இருவர் பெயராலும் வழங்கும் அந்த முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அந்த அளவுகோல் கையில் வந்தபின் அவர்கள் தசையைப் பார்த்தார்கள். ஓய்வில் இருக்கும் தசையில் ஒரு பாஸ்பேட் சேர்மம் இருந்தது. தசையைத் தூண்டி வேலை வாங்கினால் அது உடைந்து குறைந்தது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் சேர்ந்தது. 1927இல் அதைக் கிரியேட்டின் பாஸ்பேட் என்று அடையாளம் காட்டினார்கள். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியும் அதே காலத்தில் அந்தச் சேர்மத்தைக் கண்டிருந்தார்கள். 1929இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து, அது சுருங்கத் தேவையான ஏடிபியைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதே ஆண்டில் அதைக் கண்டறிந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் இன்று உச்சரிக்கிற ஏடிபி இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரையும் பிற்பாடு அவர் தலைமையில் நடந்த ஆய்வில் வந்ததுதான். 1948இல் அவர் இறந்தார். 1995இல் இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இவரைப் பற்றித் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கமாவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தசை சுருங்குவது என்றால், மயோசின் இழையின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுவது. பற்றியதை விடுவதற்கு ஏடிபி வேண்டும். தசையில் இருப்பில் உள்ள ஏடிபி முழுமூச்சான வேலைக்குச் சில விநாடிக்குமேல் தாங்காது. ஆனால் கிளிப்பை அதற்குமேலும் அமுக்குகிறோமே? கையில் காசு தீர்ந்ததும் பக்கத்து வீட்டில் வாங்கும் கைமாற்றைப்போல, கிரியேட்டின் பாஸ்பேட் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை மறுபடி உண்டாக்குகிறது. அதுவும் ஏறக்குறைய பத்து விநாடிக்குத்தான். அதற்குள் சர்க்கரையை உடைத்து ஏடிபி செய்யும் வேலை வேகமெடுக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு வந்தால் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிதானமாக, நிறையச் செய்துகொடுக்கின்றன. வரைபடத்தில் முதலில் சரசரவென்று இறங்கும் பகுதி, வேகமாகச் சுருங்கி வேகமாக ஓய்கிற இழைகள் விலகிக்கொள்ளும் கட்டம். பின்னால் தட்டையாக ஓடுவது, மெதுவான, ரத்த ஓட்டம் மிகுந்த சிவப்பு இழைகள் வரவுக்கேற்ற செலவோடு வேலையைத் தொடரும் கட்டம்.

நிறுத்தி ஓய்வு கொடுத்தால் கிரியேட்டின் பாஸ்பேட் அரை நிமிடத்தில் பாதியளவு திரும்பிவிடும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏறத்தாழ முழுவதும் வந்துவிடும். வகுப்பில் இதையும் பார்க்கலாம். ஒரு சுற்று முடித்து அரை நிமிடம் விட்டு மறுபடி எண்ணினால் கணக்கு ஓரளவு ஏறும், ஐந்து நிமிடம் விட்டால் நன்றாகவே ஏறும். ஆனால் இந்த மீட்சிக்கு ஆக்சிஜன் வேண்டும். ரத்தத்தைத் தடுத்துவிட்டால் கிரியேட்டின் பாஸ்பேட் திரும்பிவராது. பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கியபடியே அசையாமல் நிற்பது ஓய்வாகாது. கையைக் கீழே இறக்கினால்தான் ஓய்வு. எங்கள் அம்மாவும் பந்தல் வேலைக்குப் போனவர்தான். நான் இந்த விவரத்தையெல்லாம் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. "அஞ்சு நிமிசம் கையத் தொங்கப்போட்டாத் தெளிஞ்சுரும்த்தா. அதுக்குத்தான நாங்க தண்ணி குடிக்கப் போறது" என்றார்.

இப்போது லாக்டிக் அமிலத்துக்கு வருகிறேன். தசை ஏன் சோர்கிறது என்று கேட்டால், வழிகாட்டிப் புத்தகங்களில் வழிவழியாக வரும் விடை, "லாக்டிக் அமிலம் சேர்வதால்" என்பது. இந்த விடைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1807இல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், வேட்டையில் ஓடிக் களைத்த மான்களின் தசையில் லாக்டிக் அமிலம் இருப்பதைக் கண்டார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1907இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும், தவளைத் தசை சோரும்போது அந்த அமிலம் கூடுவதையும், ஆக்சிஜன் கொடுத்தால் குறைவதையும் அளந்து காட்டினார்கள். ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இந்தத் துறையில்தான் கிடைத்தது. சோர்வு வரும்போதெல்லாம் அமிலமும் இருந்தது. ஆகவே அமிலத்தால்தான் சோர்வு என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

1930இல் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்ட் அந்த முடிவை அசைத்தார். சர்க்கரை உடையும் பாதையை ஒரு நஞ்சால் அடைத்துவிட்டால் தசையில் லாக்டிக் அமிலம் உருவாகாது. அப்போதும் தவளைத் தசை சிறிது நேரம் சுருங்கியது, கிரியேட்டின் பாஸ்பேட் தீர்ந்ததும் விறைத்து நின்றுவிட்டது. மனிதர்களிலேயே சான்று 1951இல் கிடைத்தது. லண்டனில் பிரையன் மெக்ஆர்டில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். தசையில் சர்க்கரை இருப்பாகச் சேமித்த கிளைக்கோஜனை உடைக்க முடியாத பிறவிக் குறைபாடு அவருக்கு. எவ்வளவு உழைத்தாலும் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறவில்லை. அப்படியானால் அவர் சோர்வே தெரியாமல் உழைத்திருக்க வேண்டுமே? அவரோ மற்றவர்களைவிடச் சீக்கிரமாக ஓய்ந்து, தசை பிடித்துக்கொண்டு வலியில் தவித்தார். இந்த ஒரு நோயாளியின் கதையைச் சொன்னாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். "அமிலமே இல்லாமலும் கை ஓயுதுன்னா, குத்தவாளி வேற யாரோ, மிஸ்."

வேறு யார்? 1990களில் தொடங்கி ஸ்டாக்ஹோமில் ஹோகன் வெஸ்டர்பிளாட், சிட்னியில் டேவிட் ஆலன் முதலிய ஆய்வாளர்கள் தனித்தனி தசை இழைகளைப் பிரித்தெடுத்து அளந்தார்கள். உடல் வெப்பநிலையில் வைத்துப் பார்க்கும்போது அமிலத்தால் விசை குறைவது முன்பு நினைத்ததைவிடச் சிறிதாக இருந்தது. அவர்களுடைய சந்தேகம் திரும்பிய இடம் பாஸ்பேட். கிரியேட்டின் பாஸ்பேட் உடையும்போது வெளியே வருகிறதே, அதே பாஸ்பேட். அது தசையில் பெருகும்போது மயோசின் தலை ஆக்டினை வலுவாகப் பற்றுவதைத் தடுக்கிறது. தசை சுருங்குவதற்கு ஆணையாக அமையும் கால்சியத்தோடும் சேர்ந்துகொண்டு, கால்சியம் சேமிப்பறையிலிருந்து வெளிவருவதைக் குறைக்கிறது. ஆணை மெலிந்தால் இழுப்பும் மெலிகிறது. சுப்பாராவ் அளக்கக் கற்றுக்கொடுத்த பொருள்தான் எழுபது ஆண்டு கழித்துச் சோர்வின் முதன்மைக் காரணங்களில் ஒன்றாக வந்து நின்றது.

ஏடிபி அடியோடு தீர்ந்துவிடுவதால் தசை நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சோர்ந்த தசையிலும் ஏடிபி பெருமளவு மிஞ்சியிருக்கிறது. முழுக்கத் தீர்ந்தால் மயோசின் தலைகள் பற்றியதை விட முடியாமல் விறைத்துவிடும், இறந்த உடல் விறைப்பது அப்படித்தான். அந்த நிலைக்குப் போகாமல் தசை முன்கூட்டியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. லாக்டிக் அமிலமும் வெறும் கழிவு இல்லை. இதயத் தசை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் அதைத் திரும்பச் சர்க்கரையாக மாற்றுகிறது. கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் கண்டறிந்த இந்தச் சுழற்சி அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

மறுநாள் வரும் வலிக்கும் அந்த அமிலத்தையே காரணம் சொல்வதைக் கேட்கிறேன். உழைத்து முடித்து ஒரு மணி நேரம் போல ஆனாலே அது ரத்தத்திலிருந்து வடிந்துவிடுகிறது. சதுரகிரி மலை ஏறி இறங்கியவருக்குத் தொடை வலிப்பதோ ஒரு நாள், இரண்டு நாள் கழித்து. பழகாத வேலையில், குறிப்பாக இறக்கத்தில் இறங்கும்போது, நீண்டபடியே இழுபடும் தசை இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, உடல் அதைச் செப்பனிடும்போது வருகிற வலி அது. 1902லேயே அமெரிக்காவில் தியோடர் ஹஃப் உழைக்கும்போதே வரும் வலியையும் மறுநாள் வரும் வலியையும் பிரித்துச் சொல்லிவிட்டார். ஏலத்தோட்டத்துச் சரிவில் முதல் வாரம் வேலைக்குப் போகும் புதுப்பெண்ணிடம் மூத்தவர்கள், "ரெண்டு நா போ, தானா விட்டுரும்" என்பார்கள். அதே வேலையை மறுபடி செய்யும்போது தசை முன்போல் சேதப்படுவதில்லை என்பது ஆய்விலும் தெரிந்த உண்மை.

தசையோடு கதை முடியவில்லை. ஒரு பிள்ளை அமுக்கி ஓய்ந்து, இனி முடியாது என்று முகம் சுளிக்கும் நேரத்தில் வகுப்பு முழுவதும் பெயரைச் சொல்லிக் கூவினால் எண்ணிக்கை கொஞ்சம் ஏறுகிறது. 1961இல் இக்காய், ஸ்டெயின்ஹவுஸ் என்ற இருவர் முழங்கையை மடக்கும் விசையை அளந்தபோது, துப்பாக்கி வெடித்தாலும், தானே உரக்கக் கத்தினாலும் விசை கூடியதைப் பதிவு செய்தார்கள். ஆக, "முடியாது" என்று தோன்றும்போதும் தசையில் இருப்பு இருக்கிறது. மூளை அதைத் திறந்துவிடாமல் வைத்திருக்கிறது. தூக்கமில்லாமையும் கவலையும் பசியும் இந்தக் கட்டுப்பாட்டை இறுக்கும் என்பது தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

மனிதக் கையின் சோர்வை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் இத்தாலியில் தூரின் நகரத்து ஆஞ்சலோ மோசோ. முன்கையை அசையாமல் கட்டி, நடுவிரலில் கயிறு மாட்டி, எடையைத் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு தூக்கலையும் உருளையில் பதிவு செய்யும் கருவியை அவர் உருவாக்கினார். ஒவ்வொருவர் கோட்டுக்கும் ஒரு தனி வடிவம் உண்டு, அது ஆண்டுகள் கழித்தும் மாறாமல் தொடர்கிறது என்று கண்டார். அவருடன் ஆய்வு செய்த மாஜ்ஜோரா, மணிக்கணக்கில் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து விரலைச் சோதித்தபோது, விரல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓய்ந்தது. மோசோ இவற்றையெல்லாம் 1891இல் சோர்வைப் பற்றி எழுதிய நூலில் சேர்த்தார்.

அந்த நூலில் உள்ள ஒரு முடிவை நான் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். முற்றிலும் ஓயும்வரை 30 முறை எடை தூக்கிய விரல் பழைய நிலைக்கு வர 2 மணி நேரம் ஓய்வு வேண்டியிருந்தது. 15 முறையில் நிறுத்திக்கொண்டால்? பாதி வேலைக்குப் பாதி ஓய்வு, ஆக 1 மணி நேரம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். மாஜ்ஜோராவுக்குத் தேவைப்பட்டது அரை மணி நேரம். ஏற்கெனவே களைத்துவிட்ட தசையிடம் வாங்கும் வேலைக்கு உடம்பு கொடுக்கும் விலை மிகவும் கூடுதல். முழுக்க ஓயுமுன் இடையிடையே நிறுத்திக்கொள்கிறவர் மொத்தத்தில் கூடுதலாக வேலை செய்ய முடியும். பந்தலில் ஐந்து நிமிடம் கை இறக்கி நிற்கும் பெண்ணைப் பார்த்து நேரத்தை வீணாக்குவதாகக் கோபப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு தவறு. அந்த ஐந்து நிமிடத்தில்தான் கிரியேட்டின் பாஸ்பேட் மீண்டும் சேர்ந்து, அடுத்த வேலைக்குக் கை தயாராகிறது.

ஒரு மாணவி கிளிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கும் சோதனை செய்துவிட்டு வந்தாள். முதல் சுற்றில் மகளின் எண்ணிக்கைதான் கூடுதல். ஆனால் போகப்போக அம்மாவின் கோடு அவ்வளவாக இறங்கவில்லை, கடைசிச் சுற்றுகளில் மகளைத் தாண்டிவிட்டார். ஆண்டுக்கணக்கில் காயெடுத்த முன்கையில் ரத்த நுண்குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகியிருக்கும் என்று காரணம் எழுதினாள். இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் கண்டதை வைத்து முடிவு சொல்லக்கூடாது, பத்துப் பதினைந்து வீட்டிலாவது பார்த்துவிட்டு வா என்றேன். இப்போது அவளும் இன்னும் சிலரும் அந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள்.

அவர்களே இன்னொரு கேள்வியையும் எடுத்திருக்கிறார்கள். பந்தலின் உயரம் எல்லாருக்கும் ஒன்றுதான். உயரமான பெண்ணுக்குக் கை முகத்துக்கு நேரே நிற்கும், குட்டையான பெண்ணுக்குத் தலைக்கு மேலே போகும். அப்படியானால் ஒரே கூலிக்கு இருவரும் செய்வது ஒரே வேலையா? தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் ஒருங்கிணைக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆய்வு செய்து கொண்டுபோகலாம். அதற்கு இதைத் தலைப்பாக வைக்கலாம் என்று திட்டம். வேலை செய்யும்போது மணிக்கட்டு நெஞ்சின் மட்டத்துக்கு மேலே எத்தனை செ.மீ. இருக்கிறது என்று நாடாவால் அளக்க வேண்டும். கை கடுக்கத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். ஓர் அடி உயர மரப்பலகைமேல் நின்று அதே வேலையைச் செய்தால் அந்த நிமிடம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பலகைக்கு ஊர்த் தச்சரிடம் சொல்லியாயிற்று. ஈர மண்ணில் ஆடாமல் நிற்க அதற்கு நான்கு கால் போதுமா, அகலமான அடிப்பலகை வேண்டுமா என்பதில் பிள்ளைகளுக்கும் அவருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.